விற்பனை கூடுகிறது, கையில் பணம் இல்லை: வளரும் பட்டறையின் பணப்புழக்கம்

கோயம்புத்தூரில் பம்பு, வால்வு நிறுவனங்களுக்கு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்தும் நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. இரண்டு ஆண்டுகளில் அவருடைய மாத விற்பனை 12 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆடிட்டர் தரும் கணக்கில் லாபம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் 7ஆம் தேதி சம்பளத்துக்கும் 20ஆம் தேதி ஜிஎஸ்டிக்கும் மாதம் தவறாமல் கைமாற்றுத் தேட வேண்டியிருக்கிறது. வங்கியின் 25 லட்சம் கேஷ் கிரெடிட் (தேவைக்கு எடுத்து, பணம் வந்ததும் கட்டும் கடன்) வரம்பு எப்போதும் விளிம்பிலேயே நிற்கிறது. அதிலிருந்து 14 லட்சம் எடுத்துத்தான் கணினி வழி இயங்கும் பழைய சிஎன்சி கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறார். அது போக, நூற்றுக்கு இரண்டு வட்டியில் வெளியே 10 லட்சம் கடன் இருக்கிறது. இப்போது புனேயில் உள்ள ஒரு நிறுவனம் மாதம் 8 லட்சத்துக்குப் புதிய ஆர்டர் தர முன்வந்திருக்கிறது. பணம் 90 நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். இதை ஏற்கலாமா, பணப்புழக்கத்தை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்பதே கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பட்டறையில் பணம் எங்கும் திருட்டுப்போகவில்லை, நீங்கள் ஊதாரித்தனமாகச் செலவு செய்யவும் இல்லை. வளர்ச்சி என்பதே முன்கூட்டிப் பணம் கேட்கும் காரியம். நீங்கள் இரும்பு வாங்கும் நாளுக்கும் அந்த இரும்பு பொருளாகிப் பணமாகத் திரும்பும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிகிறதோ, அத்தனை நாளுக்கும் அந்தச் சரக்கைச் சுமக்கிறவர் நீங்கள்தான். விற்பனை இரண்டரை மடங்கானால் சுமையும் இரண்டரை மடங்காகும். லாபம் அதன் பின்னால்தான் மெல்ல வந்து சேரும்.

நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30 லட்சம் என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் விற்பனை. அதில் மூலப்பொருள் 60 சதவீதம், அதாவது நாளுக்கு 60 ஆயிரம். மாதக் கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்து 8 லட்சம் போக, 4 லட்சம் மிஞ்சுகிறது. பில் போட்டுச் சராசரியாக 75 நாளில் பணம் வருகிறது. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் உங்களிடம் வாங்கும் பார்ட்டிகளிடம் 75 லட்சம் நிற்கும். சரக்கிருப்பு 40 நாளுக்கு என்பதால் அதில் 24 லட்சம். நீங்கள் இரும்புக் கடைக்கும் வார்ப்படச் சாலைக்கும் 25 நாள் கழித்துப் பணம் கொடுப்பதால் 15 லட்சம் அவர்களுடைய பணம் உங்களிடம் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 84 லட்சம் உங்கள் சொந்தப் பொறுப்பில் தொழிலுக்குள் முடங்கியிருக்கிறது. ஜிஎஸ்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

மாதம் 12 லட்சம் விற்ற காலத்தில் இதே நாள் கணக்கில் முடங்கியிருந்தது 33 லட்சத்து 60 ஆயிரம்தான். ஆக, இரண்டு ஆண்டு வளர்ச்சி மட்டும் 50 லட்சத்துக்குச் சற்று மேல் விழுங்கியிருக்கிறது. அதே இரண்டு ஆண்டில் நீங்கள் ஈட்டியிருக்கக்கூடிய லாபம், சராசரி மாத விற்பனை 21 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 67 லட்சம். வீட்டுச் செலவுக்கு மாதம் 75 ஆயிரம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 18 லட்சம். இயந்திரம் 14 லட்சம். வளர்ச்சிக்குப் போன 50 லட்சத்தோடு இவற்றைக் கூட்டினால் 82 லட்சம். வருமான வரியும் வட்டியும் அதற்கு மேல். 15 லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது, அந்தத் துண்டைத்தான் கேஷ் கிரெடிட்டும் வெளிக்கடனும் அடைத்திருக்கின்றன. ஆடிட்டர் காட்டும் லாபமும் பொய்யில்லை, உங்கள் கைவறட்சியும் பொய்யில்லை.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தி, ஒரு நாளின் விலை. வசூலில் ஒரு நாள் குறைந்தால் ஒரு லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் கைக்கு வருகிறது. எனவே கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் நாட்களைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் பெரிய பார்ட்டியுடன் பேசியிருக்கும் தவணை 45 நாள். பணம் வருவதோ 75 நாளில். இடையில் உள்ள 30 நாள் எங்கே போகிறது என்று ஒரே ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பாதையைப் பின்தொடர்ந்து பாருங்கள். சரக்குடன் பில் போகிறது, ஆனால் வாங்குபவரின் கொள்முதல் ஆணை எண் அதில் இல்லை, அல்லது பழைய ஆணையின் எண் இருக்கிறது. ஆணை திருத்தப்பட்டு விலை இரண்டு ரூபாய் மாறியிருக்கும், உங்கள் கணினியில் பழைய விலையே இருக்கும். பரிசோதனைச் சான்றிதழ் இணைக்கப்படாமல் சரக்கு தரச்சோதனைப் பிரிவில் கிடக்கும். ஐந்நூறு உருப்படியில் நான்கு நிராகரிக்கப்பட்டிருக்கும். அந்த நான்கின் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் கிரெடிட் நோட் உங்களிடமிருந்து வராததால் மீதி 496க்கும் சேர்த்துப் பில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். இவற்றில் எதையும் அங்குள்ள கணக்குப் பிரிவு உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லாது. உங்கள் கணக்காளர் சனிக்கிழமை மட்டும் வருகிறவர் என்பதால், தவணை நாள் கடந்த பிறகுதான் பணம் வரவில்லை என்பதே தெரியவருகிறது. அதன் பிறகு கேட்டு, திருத்தி, மறுபடி அனுப்பி, அவர்கள் மாதம் இருமுறை பணம் விடுவிக்கும் சுற்றில் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். தாமதத்தில் சரிபாதிக்கு மேல் நம் பக்கத்துக் குறையால் வருவதையே இத்தகைய பட்டறைகளில் பெரும்பாலும் பார்க்கிறேன்.

ஆகவே முதல் மாற்றம் செலவில்லாதது. சரக்கு ஏற்றும் முன் ஆணை எண், விலை, அளவு, இணைப்புக் காகிதங்கள் ஆகியவற்றை ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், பணம் கேட்பதற்காக இல்லாமல், பில் பதிவாகிவிட்டதா, ஏதேனும் குறை இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்க வேண்டும். தவணைக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை, எந்தச் சுற்றில் பணம் வருகிறது என்று கேட்க வேண்டும். கணக்காளர் வாரத்தில் மூன்று நாள் வர ஏற்பாடு செய்தால் அந்தக் கூடுதல் சம்பளம் முதல் மாதத்திலேயே ஈடாகிவிடும். நம் பக்கத்தில் பல முதலாளிகளுக்குக் கொடுத்த சரக்கிற்குப் பணம் கேட்பது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. முதலாளிக்கு முதலாளி பேசி முகம் சுளிக்க நேருமே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதனாலேயே இந்த விசாரிப்பு, கணக்காளர் கணக்குப் பிரிவுடன் பேசும் அன்றாட வேலையாக இருக்க வேண்டும். அங்கே உறவு கெடுவதற்கு ஒன்றுமில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால், கிடைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. முறையீட்டுக்கு வசதியாக்க மன்றம் இருக்கிறது. வாங்கியவர் அதன் தீர்ப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க விரும்பினால் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். என் கருத்தில், நடப்பில் உள்ள பார்ட்டி மீது மன்றத்துக்குப் போனால் ஆர்டர் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். வியாபாரம் முடிந்துபோன பழைய பாக்கிகளுக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

நடப்புப் பார்ட்டிகளிடம் ஓசையின்றி வேலை செய்வது வேறொரு விதி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்து, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு மேற்சொன்ன காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். நிதியாண்டின் நடுவில் தாமதித்துவிட்டு அதே ஆண்டுக்குள் கொடுத்துவிட்டால் அவருக்கு இந்த வகையில் வரிச் சிக்கல் இல்லை. கெடு கடந்த பாக்கி மார்ச் 31ஐத் தாண்டினால்தான் சிக்கல். ஆகையால் உங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள், பிப்ரவரி இறுதியில் எல்லாப் பார்ட்டிகளுக்கும் நிலுவைப் பட்டியலை எழுத்தில் அனுப்புங்கள். உத்யம் பதிவை விட்டுவிடச் சொல்லும் பார்ட்டிகளும் உண்டு. அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். நீங்கள் உற்பத்தியாளர் என்பதால் இந்தப் பாதுகாப்பு முழுமையாக உண்டு. வெறும் வியாபாரம் மட்டும் செய்பவருக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இது கிடைப்பதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் பில்களுக்கு ட்ரெட்ஸ் எனப்படும், பில்லின் பேரில் முன்கூட்டிப் பணம் பெற உதவும் இணையத் தளம் ஒன்றில் பதிவு செய்துகொள்வது நல்லது. சரக்கு வாங்கியவர் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் போட்டியிட்டு வட்டி கேட்கும். கழிவு போக மீதிப் பணம் ஓரிரு நாளில் உங்கள் கணக்குக்கு வரும். வட்டி, வாங்கும் நிறுவனத்தின் தகுதியைப் பொறுத்து அமைவதால் சிறு பட்டறை தனியாகப் பெறும் கடனை விடக் குறைவாக இருப்பதே வழக்கம். பின்னால் அவர்கள் பணம் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்ப வராது. ஆண்டு விற்பனை 250 கோடியைத் தாண்டும் கம்பெனிகள் இத்தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் சேர்ந்திருப்பதும் பில்லை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. ஆர்டர் பேசும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் பணம் தருபவருக்குத் தள்ளுபடி தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 75ஆம் நாளுக்குப் பதில் 15ஆம் நாள் பணம் தருபவருக்கு 2 சதவீதம் விட்டுக்கொடுத்தால், 60 நாளுக்கு 2 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 12.4 சதவீதம் ஆகிறது. நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். எனவே அந்த வெளிக்கடனை அடைக்கும் வரை இத்தள்ளுபடி லாபமே. அடைத்த பின் நிறுத்திவிடுங்கள். 10 சதவீதத்தை ஒட்டிய வங்கிக் கடனை அடைக்க 12 சதவீதம் விட்டுக்கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். மாத நடுவில் போட்ட பில்லுக்கு 35ஆம் நாள் வரி கட்டி, 75ஆம் நாள் பார்ட்டியிடமிருந்து பெறுகிறீர்கள். இடைப்பட்ட 40 நாள் அந்த வரி உங்கள் பணம். வசூல் 45 நாளுக்கு வந்தால் இந்தச் சுமை பெருமளவு தானே நீங்கிவிடும். நீங்கள் செய்யக்கூடியது, உங்களுக்கு விற்பவர்கள் 11ஆம் தேதிக்குள் தங்கள் பில்களைப் பதிவேற்றுகிறார்களா என்று பார்ப்பது. அவர்கள் தவறினால் உங்கள் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய், அந்தத் தொகையை ரொக்கமாகக் கட்ட நேரும். தொடர்ந்து தவறுபவரை மாற்றுங்கள்.

சரக்கிருப்பை 40 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்தால் 6 லட்சம் வெளிவரும். விலை ஏறிவிடும் என்ற அச்சத்தில் மொத்தமாக வாங்கி அடுக்கிய உருளைக் கம்பிகள், நின்றுபோன ஆர்டருக்காகக் கடைந்து வைத்த உருப்படிகள், மாதக்கணக்கில் மூலையில் குவிந்திருக்கும் கடைசல் சுருள் ஆகியவற்றை ஒரு நாள் ஒதுக்கி எடை போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் அசையாத சரக்கு அநேகமாக இனியும் அசையாது. பழைய இரும்பு விலைக்காவது தள்ளிவிடுவதே மேல். வாங்கும் பக்கத்தில் இரும்பு வியாபாரியிடம் பேசி 25 நாளை 35 ஆக்க முடிந்தால் இன்னொரு 6 லட்சம் வரை கிடைக்கலாம். ஆனால் உங்களுக்கு முலாம் பூசித் தருபவரும் வெப்பப் பதம் செய்பவரும் உங்களை விடச் சிறியவர்கள். அவர்களுடைய பணத்தை இழுத்தடித்து உங்கள் பற்றாக்குறையைச் சமாளிக்காதீர்கள். நீங்கள் நோகிற அதே நோவை அடுத்தவருக்குத் தருவது நியாயமும் ஆகாது, அவசர வேலைக்கு அவர்களும் கைகொடுக்க மாட்டார்கள்.

வசூலில் 15 நாள், இருப்பில் 10 நாள், கொள்முதலில் 10 நாள் என்று நடந்தால் மொத்தம் 27 லட்சம். உங்கள் இன்றைய வங்கி வரம்பை விட இது பெரிய தொகை. ஆறு மாதம் விடாமல் கவனித்தால் எட்டக்கூடியதுதான்.

அடுத்தது வங்கி. 14 லட்சம் இயந்திரத்தைக் கேஷ் கிரெடிட்டில் வாங்கியதுதான் உங்கள் கழுத்தை இறுக்குவது. பல ஆண்டுகள் உழைத்துப் பணம் ஈட்டும் இயந்திரத்துக்கு ஐந்தாண்டுத் தவணைக் கடன் வேண்டும். அன்றாடம் போய்வரும் பணத்தை அதில் முடக்கினால் சம்பளத்துக்கு வழியிருக்காது. அந்த இயந்திரத்தின் பேரில் தவணைக் கடன் பெற்று வரம்பை விடுவிக்கும்படி வங்கிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். வரம்பும் பழையது. 5 கோடி வரையிலான நடைமுறை மூலதனக் கடனுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதத்தை வரம்பாகத் தர வேண்டும் என்பது சிறுதொழில் கடன் பற்றி ஆராய்ந்த நாயக் குழுவின் பரிந்துரையை ஒட்டி ரிசர்வ் வங்கி வகுத்த முறை. தொழில்முனைவோர் பங்கு 5 சதவீதம். உங்கள் 25 லட்சம், மாதம் 12 லட்சம் விற்ற காலத்தின் கணக்கு. இன்றைய ஆண்டு விற்பனை 3 கோடியே 60 லட்சத்துக்கு 72 லட்சம் வரை கேட்க இடமிருக்கிறது. சொத்துப் பிணை போதவில்லை என்றால் சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ நிதியத்தின் உத்தரவாதத்தின் கீழ் கேளுங்கள்; அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி. கேட்பதற்கு முன் வசூலைச் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாக எடுப்புத் தகுதிக் கணக்கில், அதாவது வரம்பில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கில், சேர்ப்பதில்லை; பழைய பாக்கி கூடினால் வரம்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இவை அனைத்தையும் ஒரே தாளில் காட்டும் பழக்கம் ஒன்று வேண்டும். அடுத்த பதின்மூன்று வாரங்களுக்கு வாரம் ஒரு கட்டமாக வரவையும் செலவையும் எழுதுங்கள். வரவை எழுதும்போது பில்லில் உள்ள தவணைத் தேதியை எழுதாமல், அந்தப் பார்ட்டி வழக்கமாக எப்போது தருகிறாரோ அந்த வாரத்தில் எழுதுங்கள். 15ஆம் தேதிக்கான பிஎஃப், இஎஸ்ஐ, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்கான முன்கூட்டிக் கட்டும் வருமான வரி, தீபாவளி போனஸ் எல்லாம் அதில் இருக்க வேண்டும். போனஸ் குறைந்தபட்சமான 8.33 சதவீதம் என்றாலே ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அக்டோபரில் திடீரென வந்ததுபோல் அதற்குக் கடன் வாங்குகிறவர்கள் பலர். ஆகஸ்டிலேயே தாளில் பள்ளம் தெரிந்தால் அதை நிரப்ப இரண்டு மாதம் கிடைக்கும்.

இனி புனே ஆர்டர். மாதம் 8 லட்சம், 90 நாள் தவணை என்றால் பாக்கியில் 24 லட்சம், இருப்பில் 6 லட்சத்து 40 ஆயிரம், கொள்முதல் தவணை 4 லட்சம் கழிய, 26 லட்சத்து 40 ஆயிரம் முடங்கும். இதில் மாத லாபம் ஒரு லட்சத்துச் சொச்சம். முடக்கிய பணத்தை அந்த ஆர்டரின் லாபம் மட்டும் ஈடுகட்ட இரண்டு ஆண்டுக்கு மேலாகும். இன்றைய நிலையில் இதே நிபந்தனையில் ஏற்காதீர்கள். ஆனால் வேண்டாம் என்று கடிதம் எழுதவும் அவசரப்படாதீர்கள், பேச இடமிருக்கிறது.

வார்ப்படத்தை அவர்களே அனுப்பட்டும், நீங்கள் கூலிக்குக் கடைந்து தருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 500 ரூபாய்க்கு விற்கும் உருப்படியில் பொருள் 300, மற்றச் செலவு 133, லாபம் 67 என்று இருக்கிறது. அதையே 180 ரூபாய்க் கூலிக்குச் செய்தால் லாபம் 47தான். நாளுக்கு ஓர் உருப்படி வீதம், நீங்கள் இப்போது பணம் பெறும் நாள் கணக்கிலேயே பார்த்தால், பொருளோடு விற்பதற்கு 42 ஆயிரம் முடங்கும். கூலி வேலைக்கு 13 ஆயிரத்து 500 போதும். முடங்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மாதத்தில் முதல் வழியில் 4 ரூபாய் 80 காசும், இரண்டாம் வழியில் 10 ரூபாய்க்கு மேலும் கிடைக்கிறது. பணம் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் உருப்படிக்கு எவ்வளவு லாபம் என்பதை விட முடக்கும் பணத்துக்கு எவ்வளவு என்பதே பார்க்க வேண்டிய எண்.

அதற்கு இசையவில்லை என்றால், 45 நாளுக்கு மேல் எழுதுவதற்குச் சட்டமே இடம் தரவில்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டி 45 நாள் கேளுங்கள். அல்லது ட்ரெட்ஸ் தளத்தில் பத்து நாளுக்குள் பில்லை ஏற்றுக்கொள்வோம் என்ற உறுதியை ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். புதிய அச்சுக்கும் பிடிப்பிகளுக்கும் ஆகும் செலவை முன்பணமாகக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் பாதி அளவில் தொடங்க அனுமதி கேட்பதிலும் தவறில்லை. இவற்றில் எதற்குமே இடம் தராத நிறுவனமாக இருந்தால், வெளிக்கடன் முழுதும் அடைந்து, வங்கி வரம்பு உயர்ந்து, உங்கள் வசூல் 60 நாளுக்குள் வந்த பிறகு அவர்களிடம் மறுபடி போங்கள். அதுவரை அந்தப் பழைய சிஎன்சி இயந்திரத்தின் நேரத்தை, இப்போதே 30 நாளில் ஒழுங்காகப் பணம் தருவதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த இரண்டு சிறிய வால்வு நிறுவனங்களுக்குக் கொடுங்கள். அவர்களிடம் கூடுதல் வேலை இருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள்.